உத்தரமேரூர் நாட்டின் மறைந்த கட்டடங்கள்

தொண்டை நன்னாட்டின் தலைநகராய்ப் பன்னூறு ஆண்டுகள் வீற்றிருந்த காஞ்சி மாநகருக்குச் செல்லும் அன்பர்கள் இரண்டு ஒலிகளைக் கேட்பர். ஒன்று திருக்கோயில் மணியொலி, மற்றொன்று தறியொலி. கோயில்நகராயும் நெசவுத்தொழில் நகராயும் ஒருங்கே விளங்கிவரும் அவ்வூரில் எஞ்சி நிற்கும் கோயில்களைக் கண்டு வியப்பவர் பலர். அவற்றின் அருகே ஒரு காலத்தில் நின்று பின்னர் மறைந்துபோன கட்டடங்களை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நின்றவற்றின் பெருமையை முழுதும் அறிதற்கு மறைந்தவற்றின் கணக்கும் வேண்டும்.

கி.பி. 7ஆம் நூற்றாண்டில், ஏறக்குறைய 640இல், சீன நாட்டுத் துறவி யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றி எழுதிவைத்த குறிப்பில் பௌத்தப் பள்ளிகள் நூறளவு இருந்தன என்றும், அவற்றில் பதினாயிரம் துறவியர் உறைந்தனர் என்றும், தேவர் கோயில்கள் எண்பது இருந்தன என்றும் காணப்படுகின்றது. எண்களில் சிறிது மிகைபடக் கூறினார் எனக் கொள்ளினும், அந்நூறு பள்ளிகளுள் ஒன்றேனும் இன்று கூரையோடு நிற்கவில்லை. கடம்ப மரபின் முதல்வனாகிய மயூரசன்மன் கல்வி நாடி வந்து சேர்ந்த காஞ்சிக் கடிகை எங்கே? அவன் வந்த செய்தியைக் கன்னட நாட்டுத் தாளகுண்டாக் கல்வெட்டு சொல்கின்றது. கடிகை இருந்த மனையைச் சுட்டிக்காட்ட ஒரு செங்கல்லும் இல்லை. முதல் இராசராச சோழனின் தந்தையாகிய சுந்தர சோழன் காஞ்சியிலிருந்த பொன்மாளிகையில் உயிர்துறந்தமையால் ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ எனப் பெயர் பெற்றான். துஞ்சியவனின் பெயரில் மாளிகை நிலைத்தது. நிலத்தின்மேல் அது நிலைக்கவில்லை.

இவ்விடத்து அன்பர்கள் ஒன்றைக் கருத வேண்டும். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் 8ஆம் நூற்றாண்டில் காஞ்சியை வென்று உள்ளே புகுந்தபோது, இராசசிம்ம பல்லவன் எடுத்த கயிலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டும் கவராது, அதனை இறைவனுக்கே மீள அளித்தான். இச்செய்தியை அக்கோயில் மண்டபத் தூணொன்றில் கன்னட மொழியில் பொறித்தும் வைத்தான். அக்கல்வெட்டின் முடிவில் ஒரு வசையுரை உளது: இவ்வெழுத்துக்களை அழிப்பவன் இந்நகரத்துக் கடிகையின் பெருமக்களைக் கொன்றவர் புகும் உலகம் புகுவான் என்பது அதன் கருத்து. கடிகையும் போயிற்று, அதன் பெருமக்களும் போயினர். எழுத்தை அழிக்கலாகாது என்னும் ஆணை மட்டும், பகைவன் பொறித்ததாகவே, அக்கோயிலில் நிற்கின்றது.

பல்லவ மன்னன் மரபற்று மறைந்தபின் பன்னிரண்டாண்டு இளைஞனாய் அரியணைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் இரண்டாம் நந்திவர்மன். அவன் தேர்ந்தெடுக்கப்பட்ட வரலாறு காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயிற் சுற்றுச்சுவரில் சிற்பத் தொடராய் அமைந்துள்ளது. அவனே ஏறக்குறைய கி.பி. 750இல், காஞ்சிக்குத் தெற்கே 30 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில், காலியூர்க் கோட்டத்தில் ஒரு பெரிய பிரமதேயத்தை ஏற்படுத்தினான். அதுவே உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம், இன்றைய உத்தரமேரூர். காஞ்சியிற் காணும் இழப்பைச் சிறிய அளவில், ஆயினும் தெளிவாக, இவ்வூரில் காணலாம். தெளிவு என்றது எதனால் எனின், இவ்வூரார் தம் ஊரின் நடப்பை ஓயாது கல்லில் எழுதிவைத்தமையால் என்க. அரசாங்கக் கல்வெட்டுத் துறையினர் 1898இலும் பின்னர் 1923இலும் இங்குப் படியெடுத்த கல்வெட்டுக்கள் மிகப் பல. அவற்றுள் பல்லவர், சோழர், இராட்டிரகூடர் எனப் பல மரபினர் காலத்தனவும் உள்ளன.

இவற்றுள் உலகறிந்தவை முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட இரண்டு. வெங்கையா அவர்கள் தொல்பொருள் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் இவற்றை விளக்கி வெளியிட்ட நாள் முதலாகக் குடவோலை முறையைப் பற்றிப் பேசாதாரில்லை. 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பிரிந்திருந்த ஊரில் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. முறையைப் பலரும் எடுத்துரைத்துள்ளனர். அது நிகழ்ந்த இடத்தைப் பற்றியோ பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஈண்டு வேண்டுவது அவ்விடமே.

தேர்தல் நாளன்று மகாசபையார் இளையரும் முதியரும் ஒருங்கு கூடவேண்டும். அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் அனைவரும், ஒருவரும் ஒழியாமல், சபை கூடும் உள்மண்டகத்தில் அமர்த்தப்படவேண்டும். அந்நம்பிமாருள் முதியவர் ஒருவர் எழுந்து நின்று, எல்லாரும் காணும்படி மேல்நோக்கிக் குடத்தை எடுத்து நிற்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் குடும்புக்கு ஒன்றாய்க் கட்டப்பட்ட ஓலைக்கட்டுக்களில் ஒன்றை எடுப்பான். அக்கட்டு அவிழ்க்கப்பட்டு வேறு குடத்தில் இட்டுக் குலைக்கப்படும். அதினின்றும் ஓர் ஓலையைச் சிறுவன் எடுத்து ஊர் மத்தியத்தன் கையில் கொடுப்பான். மத்தியத்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் அதனை ஏற்று உரக்க வாசிப்பான். பின்னர் உள்மண்டகத்திலிருந்த நம்பிமார் எல்லாரும் அதனை வாசிப்பர். இத்தனையும் நடந்தேற ஓர் அகன்ற கூடமும் அதனுள் ஓர் உள்மண்டகமும் வேண்டுமல்லவா? அவை இருந்தன. இன்று வைகுந்தப்பெருமாள் கோயில் என வழங்கும் இடத்திலுள்ள கருங்கல் அதிட்டானமும் அதன்மேற் பொறித்த எழுத்துக்களும் அச்சபை மண்டபத்துக்கு உரியன. மேலிருந்த கட்டடம் மறைந்தது. பிற்காலத்தில் அவ்வடித்தளத்தின்மேல் பெருமாள் எழுந்தருளக் கோயில் அமைந்தது. மண்டபம் கோயிலானமையாலேயே அதன் அடித்தளமாவது நமக்குக் கிடைத்தது எனல் மிகையாகாது. பூசைக்குரிய இடமென்னும் அச்சம் ஒன்றே கல்லைப் பெயர்ப்பவர் கையைத் தடுத்தது போலும்.

அக்கல்வெட்டுக்களில் மறைந்த வேறொரு கட்டடத்தொகுதியும் பேசப்படுகின்றது. குடத்தில் பெயரிடப்படுதற்குரிய தகுதிகளுள், இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேலுடைமை, வேதப்பயிற்சி, 35க்கு மேல் 70க்குட்பட்ட அகவை ஆகியவற்றோடு, தன்னுடைய மனையிலே தான் வீடு எடுத்துக்கொண்டு இருத்தலும் ஒன்று. ஆகவே, 30 குடும்பிலும் சொந்த மனையில் எழுப்பிய வீடுகள் பல இருந்திருக்கவேண்டும் என்பது தேற்றம். ஓட்டையும் செங்கல்லையும் பற்றிய ஒரு செய்தி இங்கு நினைத்தற்குரியது. பல்லவ சோழ வேந்தர் நிலங்கொடுத்த செப்பேடுகளில், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பது கொடைபெற்றார்க்குரிய சிறப்புரிமைகளுள் ஒன்றாய் எண்ணப்படுகின்றது. சுட்ட கல்லால் வீடு கட்டுதலே ஓர் உரிமையாய் இருந்த காலம் அது. ஏனையோர் வீடுகள் மண்ணும் மரமும் கூரையுமாக இருந்தன. செங்கல் வீடானாலும் மண் வீடானாலும், அக்குடும்புகளில் ஒரு வீடும் இன்று இல்லை.

நம்பிமார் அனைவரும் என்னும் சொல்லை மீண்டும் நோக்குக. நம்பிமார் பலர் எனின் கோயில்கள் பல. இன்று உத்தரமேரூரில் பெரிதாய் நிற்பன சில. மூன்று நிலைகளிலும் கருவறை கொண்டு உயர்ந்த சுந்தரவரதப் பெருமாள் கோயில் ஒன்று. பாலசுப்பிரமணியர் கோயில் ஒன்று. கயிலாசநாதர் கோயில் மற்றொன்று. கல்வெட்டுக்களிலோ இவற்றினும் மிகுதியான திருமுற்றங்கள் பேசப்படுகின்றன. துர்க்கைக்கும் சாத்தனாருக்கும் சேட்டைக்கும் இடமிருந்தது. சேட்டையார் என்னும் பெயரைக் கேட்ட அளவில் இக்கால அன்பர்கள் திடுக்கிடுவர். மூதேவி என்று இன்று முகஞ்சுளிக்கப்படும் அத்தாய், பல்லவர் காலத்தில் பூசை பெற்ற தெய்வம். காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலிலேயே அவளது திருவுருவம் உண்டு. வழிபாடு மாறியது, மாறவே, திருவிளக்கேற்றுவார் இல்லாது அத்தகைய கோயில்கள் பாழ்பட்டன. சிற்பங்கள் ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் கிடப்பதை நாட்டின் பல பகுதிகளிலும் காணலாம். பகைவர் இடித்தனர் என்று ஒரே சொல்லில் எல்லா இழப்புக்கும் காரணங் கூறிவிடும் வழக்கம் நம்மிடம் மிகுந்துள்ளது. படையெடுப்பால் அழிந்தனவும் உண்டு. ஆயின் உத்தரமேரூர்க் கணக்கைப் பார்க்குமிடத்து, மறதியால் அழிந்தனவே மிகுதி என்று தோன்றுகின்றது.

உத்தரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல் என்னும் சிற்றூர் உளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுற்றுச்சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஏறத்தாழ கி.பி. 1068இல் பொறிக்கப்பட்டது, 55 நெடிய வரிகளில் ஓடுகின்றது. பக்தி நூல்களில் இது பேசப்படுவதில்லை. சைவ அன்பர்கள் திருமால் கோயிற் கல்வெட்டென்று இதனைக் கடந்து செல்வதும் தகாது. ஏனெனில் மறைந்த கட்டடங்களுள் இதைப்போல் மனத்தை உருக்குவது வேறொன்றில்லை.

வயலைக்காவூர் என்னும் ஊரின் வரியாக வந்த 75 கழஞ்சு பொன், இக்கோயிலின் பூசைக்கும் விழாவுக்கும், கோயிலைச் சார்ந்த கல்விச்சாலைக்கும் ஆதுலர்சாலைக்கும் ஒதுக்கப்பட்டது. ஆதுலர்சாலை என்பது நோயாளர் தங்கி மருந்துண்ணும் சாலை. இன்று மருத்துவமனை என்போம். சாலையின் பெயர் வீரசோழன். அதில் நோயுற்றுக் கிடப்பார்க்கு 15 கிடக்கைகள். ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு நாழி அரிசி. மருத்துவம் பார்க்கக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பான் ஒருவன். அவன் மரபுவழியாய் அக்காணியை உடையவன். அறுவை செய்வான் ஒருவன். மூலிகை பறித்தும் விறகு கொணர்ந்தும் மருந்து அடுவார் இருவர். நோயாளர்க்கு மருந்தூட்டிப் பணிவிடை செய்யும் பெண்டிர் இருவர். நாவிதன் ஒருவன், நீர் கொணர்வான் ஒருவன். இரவு முழுதும் எரிய ஒரு விளக்கு. இவ்விளக்குக்கும் எண்ணெய் அளந்து வைத்துள்ளனர்.

இவ்வளவில் நிற்கவில்லை. ஓராண்டுக்கு வேண்டும் மருந்துகளின் பெயர்களும் கல்லில் ஏறியுள்ளன: தசமூல அரீதகி, வில்வாதி கிருதம், பஞ்சக தைலம், கல்யாண லவணம் என்று அப்பட்டியல் நீள்கின்றது. கோயிலின் சனநாத மண்டபத்தைச் சார்ந்து இருக்கும் யசுரும் இலக்கணமும் கற்பிக்க ஆசிரியரும், உண்டும் உறைந்தும் பயில மாணவரும் இருந்தனர். மாணவர் தலைமுழுகச் சனிக்கிழமைதோறும் எண்ணெய், ஆண்டுக்கு 51 சனிக்கிழமை எனக் கணக்கிட்டு வைக்கப்பட்டது. ஓர் அரசன் மாணவர் தலைக்கு எண்ணெய் வைத்ததைக் கல்லில் எழுதும் நாட்டில் பிறந்தோம் என்பது பெருமிதங்கொள்ளத்தக்கதே. ஆயினும், அந்த 15 கிடக்கைகள் கிடந்த சாலை இன்று அங்கு இல்லை. மருந்து அட்ட அடுப்பு இல்லை. கோயில் நிற்கின்றது; கோயிற் சுவர் அதனைச் சொல்கின்றது.

இக்கொடையை ஆணையிட்டபோது அரசன் வீற்றிருந்தது கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையில், சோழகேரளன் என்னும் மாளிகையில். அதன் கதியும் இதுவே. மாளிகைமேடு என இன்று வழங்கும் இடத்தில் தமிழகத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது செங்கல் அடித்தளங்களே வெளிப்பட்டன. அந்நகரத்துப் பெரிய கோயிலின் திருமதிற் கற்களோ, 19ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது பெயர்த்தெடுக்கப்பட்டன. வடநாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஐயாயிரம் ஆண்டு பழமையை எட்டும் அரப்பா நகரத்துச் செங்கற்களை இலாகூரினின்று மூல்தானுக்கு இருப்புப்பாதை இடுவதற்கு 1850களில் வாரிக்கொண்டு சென்றனர். பழங்கல் யாருக்கும் உரியதன்று என்னும் எண்ணம் பிறந்துவிட்டால் ஆங்கிலேயர் என்றும் நம்மவர் என்றும் வேறுபாடில்லை.

மறைந்தவற்றுக்கெல்லாம் அடிப்படைக் காரணம் பொருளின் இயல்பில் உளது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையுமின்றி மும்மூர்த்திகட்கு இக்கோயிலை விசித்திரசித்தன் ஆக்கினான் என்கின்றது. இவை இன்றிச் செய்ததைப் புதுமையாகச் சொல்கின்றமையால், அதற்கு முன்னைய கோயில்களெல்லாம் இந்நான்காலும் ஆயவை என்பது போதரும். அவற்றுள் ஒன்றுகூட நில்லாமையும் இதனால் விளங்கும். கருங்கல் வழக்கிற்கு வந்த பின்னரும் இந்நாட்டார் செங்கல்லைக் கைவிடவில்லை. அடித்தளம் கல், மேல்விமானம் செங்கல் என்பது தொண்டைநாட்டில் பரந்த முறை. உத்தரமேரூர்க் கயிலாசநாதர் கோயில் அம்முறையதே. ஒரு புள் எச்சத்தில் வந்த ஆலவிதை செங்கற் பொருத்தில் விழுந்தால், பத்தாண்டில் அது விமானத்தைப் பிளக்கும். ஆண்டுதோறும் ஒருவன் ஏறி அம்முளையைக் கிள்ளியெறிந்தால் விமானம் ஆயிரம் ஆண்டு நிற்கும். கயிலாசநாதர் விமானத்தில் அக்கிள்ளுதல் நெடுங்காலம் நடைபெறவில்லை. மரங்கள் வேரோடி, விமானம் பிளந்து, வழிபாடு அருகிக் கிடந்த அக்கோயில், 21ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தொண்டர் குழாத்தினர் முயற்சியாலும் ஊரார் உதவியாலும் புத்துயிர் பெற்றது.

முளையைக் கிள்ளுவோனுக்குக் கூலி யார் கொடுப்பது? முற்காலத்தில் இதற்கு விடை இருந்தது. உத்தரமேரூர் ஏரியை நோக்குக. தந்திவர்ம பல்லவனின் வயிரமேகன் என்னும் பெயரால் அது வயிரமேக தடாகம் எனப்பட்டது. தூர்வாருதற்கென்றே அன்பர் சிலர் பொன் வைத்தனர். அப்பொன்னின் பலிசை கொண்டு ஏரி வாரியப் பெருமக்கள் ஆண்டுதோறும் மண் எடுப்பித்தனர். மாடமாளிகைகள் போய் மண்கரை நின்றதன் காரணம் இதுவே. கட்டியவனுக்குப் பின் காப்பவனுக்கும் முதல் வைக்கப்பட்டது. திருக்கோயில்களிலும் விளக்குக்கு, மாலைக்கு, திருப்பதியம் பாடுவார்க்கு, புதுக்குப்புறத்துக்கு எனத் தனித்தனியே நிலம் விடப்பட்டது. புதுக்குப்புறம் என்பது பழுது பார்த்தற்கென்று விட்ட நிலம். நிலம் கைமாறிப் பலிசை நின்றபோது, கோயிலுக்கு வந்த நோயின் பெயர் வறுமை. குடமுழுக்குக்குப் பெரும்பொருள் வழங்கும் அன்பர்கள் நம் நாட்டில் இன்றும் குறையவில்லை. குடமுழுக்கு முடிந்த மறு ஆண்டில் விமானத்தின்மேல் ஏறிப் பார்ப்பதற்குப் பொருள் வைப்பாரைக் காண்பதே அரிது.

இனி, சொல்லவேண்டிய கசப்பான பகுதி ஒன்றுண்டு. மறதியைப் போலவே திருப்பணியும் பழமையை அழித்திருக்கின்றது. அன்பின் மிகுதியால் செய்வதாதலின் இதனை யாரும் குற்றமென்று கருதுவதில்லை. கல்வெட்டின்மேல் சுண்ணாம்பும் வண்ணமும் பூசுகின்றனர். கல் பளிச்சிட வேண்டுமென்று மணலை வீசியடித்துத் துலக்குகின்றனர். அவ்வேகத்தில் ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்தின் கூர் மழுங்கிவிடுகின்றது. முற்றத்தில் மண்கொட்டித் தளத்தை உயர்த்துகையில் அதிட்டானத்துப் பட்டிகையும் குமுதமும், அவற்றிலுள்ள எழுத்தோடு நிலத்துள் புதைகின்றன. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் திருச்சுற்றுச் சிற்றாலயங்களில் பல்லவர் கால ஓவியங்கள் பிற்காலத்துச் சுதைப்பூச்சுக்குள் மறைந்துகிடந்தன. பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1931இல் அவற்றைக் கண்டு வெளிப்படுத்தினார். பூசினவர் பகைவரல்லர், கோயிலைப் புதுக்க விரும்பிய அடியாரே.

நம் முன்னோர் இவ்வகையில் நம்மினும் விழிப்புடையோர். திருமழபாடியில் வைத்தியநாதப் பெருமானின் விமானத்தைப் பிரித்துப் புதிதாய்க் கட்டுமாறு முதல் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன்னரே பழஞ்சுவரில் இருந்த கல்வெட்டுக்களையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைத்தனர். கட்டடம் நிறைவுற்றபின், மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில், கி.பி. 1026இல், அப்படிகளைப் புதுச்சுவரில் மீளப் பொறித்தனர். தந்தை இட்ட ஆணைக்கும் மகன் காலத்துப் பொறிப்புக்கும் இடையே பத்தாண்டுகளுக்கு மேல் சென்றன. ஒரு புத்தகம் அத்தனை நாளும் பத்திரமாய் இருந்தது. கண்டராதித்த தேவரின் தேவியாரும், செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கிய சிவபக்தையுமாகிய செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவில் திருப்பணி செய்தபோதும் இவ்வாறே பல்லவர் காலத்துப் பழைய கல்வெட்டுக்கள் படியெடுத்து எழுதப்பட்டன. அவை பழங்கற்படி என்னும் குறிப்போடு இன்றும் அங்கு உள்ளன. தன் பெயரைப் பொறிக்குமுன் தனக்கு முன்னோர் பெயரைப் பொறித்த அவ்வம்மையாரைத் திருப்பணி செய்வோர் அனைவரும் நெஞ்சில் வைத்தல் வேண்டும்.

இந்நாளில் இதனினும் எளிய வழிகள் உள. பாலாலயம் செய்தவுடன், கல்லில் உளிபடு முன்னர், சுவர், அதிட்டானம், தூண், நிலைக்கால் ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்துவிடலாம். தொல்லியல் துறையினர்க்கு ஒரு மடல் எழுதினால் மைப்படி எடுத்துத் தருவர். முன்னர்ப் படியெடுக்கப்பட்ட கல்வெட்டாயின் அச்சிட்ட பாடம் துறையின் தொகுதிகளில் உளது. அதனை ஊரார் படிக்கும்படி கோயில் வாயிலருகே எழுதிவைக்கலாம். உபயதாரர் பெயர்ப்பலகையைப் பழங்கல்லில் ஆணியறைந்து பொருத்தாமல் தனிக்கல்லில் நாட்டலாம். பெயர்த்த கல்லைக் குளத்துப் படிக்கோ மடைப்பள்ளித் தளத்துக்கோ இடுமுன் ஒருமுறை திருப்பிப் பார்க்கவேண்டும். எழுத்துள்ள முகம் கீழ்நோக்கிக் கிடத்தல் உண்டு. இவற்றுக்கு ஆகும் செலவு யாகசாலைப் பந்தலின் ஒரு மூலைக்கு ஆகும் செலவுக்கும் குறைவு.

உத்தரமேரூர்ச் சபையார் கி.பி. 921இல் தம் முறையை எழுதுவித்தபோது, அரசன் ஆணையைக் கொணர்ந்து உடனிருந்தவன் சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டு ஸ்ரீவங்கநகரத்துக் கரஞ்சை கொண்டயக் கிரமவித்த பட்டனாகிய சோமாசிப் பெருமான். சபையார் பணிக்க எழுதியவன் ஊர் மத்தியத்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்ல மங்கலப் பிரியன். சபை கூடிய மண்டபத்தின் கூரை போயிற்று. மத்தியத்தன் ஓலையை ஏற்று வாசித்த உள்மண்டகமும் போயிற்று. 30 குடும்பின் வீடுகளும் போயின. அவன் கையெழுத்திட்ட பெயர், வைகுந்தப்பெருமாள் கோயிற் கல்லில், எழுத்துக்கூட்டிப் படிப்பார் எவர்க்கும் இன்றும் தெளிவாய்த் தெரிகின்றது.